பாக்கர் துரையைத் தேடி

எங்கள் உம்மும்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் எழுத வேண்டிய கூட்டில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. ஆண்டு 1934. இடம், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. தாயின் பெயர் ஒற்றைச் சொல். தாயின் தொழில், தோட்டத் தொழிலாளி. தகப்பனுக்குக் கோடு.

அந்தக் கோடு யாரென்று குடும்பத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். வாய் திறந்து பேசியதில்லை. உம்மும்மாவுக்குப் பூனைக் கண். கொஞ்சம் வெயிலில் நின்றாலே கன்னம் சிவந்துவிடும். ஹட்டன் பஸாரில் பழைய ஆட்கள் அவரைத் "துரை மகள்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவருக்கு மூன்று வயதாகும்போது பெற்ற தாய் இரண்டாம் பிரசவத்தில் இறந்துபோனார். தோட்டத்துக்குச் சாமான் கொடுத்துவந்த ஹட்டன் கடை முதலாளி ஒருவரும் அவருடைய மனைவியும், பிள்ளை இல்லாதவர்கள், தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்கள். அப்படித்தான் ஒரு லயத்துப் பிள்ளை எங்கள் உம்மும்மாவானது.

உம்மும்மா 2016இல், 82 வயதில் மௌத்தானார். மரணத்தைப் பதியப் போனபோது அந்தப் படிவமும் தகப்பன் பெயரைக் கேட்டது. மறுபடியும் ஒரு கோடு. வீட்டுக்கு வந்து உம்மா சொன்னது இதுதான்: "எனக்கு ஒண்டும் வாணாம். அந்த மனிசன்ட பேர மட்டும் தேடித் தாங்க."

நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்த நானா லெஸ்டரில் இருக்கிறார். மற்ற இருவரும் இங்கே கம்பளையில், ஆசிரியர்கள். மூவரும் சேர்ந்து தேடத் தொடங்கினோம். அந்தத் தேடலைத்தான் இங்கே எழுதுகிறோம். இப்படி ஒரு கதை மலைநாட்டில் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

முதலில் கையில் இருந்த கடதாசிகளை எடுத்து வைத்தோம். மூன்று.

ஒன்று, அந்தப் பிறப்புப் பத்திரம். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தாயோ தகப்பனோ தோட்ட அத்தியட்சகருக்கு, அதாவது பெரிய துரைக்குச் சொல்ல வேண்டும். பதிவாளருக்கு அறிக்கை அனுப்புவது பெரிய துரையின் பொறுப்பு. பெற்றோர் மணம் முடிக்காதவர்கள் என்றால், தகப்பனே முன்வந்து கையெழுத்து வைத்தாலன்றி அவன் பெயரைப் பதிய முடியாது. எங்கள் பத்திரத்தில் தகவல் கொடுத்தவர் என்ற கூட்டில் பெரிய துரையின் கையெழுத்து அழகாக இருக்கிறது. பிள்ளை யாருடையது என்று பங்களா அப்புவுக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும், பெரட்டுக்களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தவர்களின் கையால்தான் அந்தக் கோடு போடப்பட்டது.

இரண்டு, 1955இல் நடந்த நிக்காஹ்வின் கடுத்தம். வலி என்ற இடத்தில் வளர்த்த வாப்பாவின் பெயர் இல்லை. காதியாரின் பெயர் இருக்கிறது. வளர்ப்புப் பிள்ளையின் வமிசத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள மார்க்கத்தில் இடமில்லை. தகப்பன்மாரின் பெயராலேயே அவர்களை அழைக்க வேண்டும், தகப்பனைத் தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பது அல்-அஹ்ஸாப் சூறா தரும் வழிகாட்டல். அதனால் வலி இல்லாத பெண்ணுக்குக் காதியார் வலியாக நின்றார். பதினெட்டு வருடம் தூக்கி வளர்த்த மனிதர் அன்று சபையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாராம். அதை உம்மும்மா ஒரே ஒரு தடவை சொல்லி அழுதது உம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்று, பிரஜாவுரிமைப் பத்திரம். 1948ஆம் ஆண்டின் சட்டம், வம்சாவளிப் பிரஜையாக இருக்க வேண்டுமென்றால் தகப்பன் எங்கே பிறந்தான், தகப்பன் வழிப் பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. தோட்டத்து மக்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானது அந்தச் சட்டத்தால்தான். தகப்பனே இல்லாத உம்மும்மா எதைக் காட்டுவார்? இலங்கைப் பிரஜை ஒருவரை மணம் முடித்ததால், பிறகு பதிவுப் பிரஜையானார். இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கிருந்து ஓர் அடி வெளியே போகாதவர்.

மூன்று கடதாசியிலும் ஒரே ஆள் இல்லை.

கடதாசி சொல்லாததை வாய் கொஞ்சம் சொன்னது. வளர்த்த உம்மா ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறார்: "பாக்கர் துரை". எங்கள் சனத்தில் பாக்கர் என்றால் அபூபக்கர். அதனால் குடும்பத்தில் சிலர், தகப்பன் ஒரு முஸ்லிம் என்றும், துரைக் கதை சும்மா கதை என்றும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவர்களுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

சிக்கல் எங்கள் எழுத்திலேயே இருக்கிறது. 'பாம்பு' என்று எழுதிப் பாருங்கள். முதல் பகரம் ஒரு ஒலி, கடைசிப் பகரம் இன்னொரு ஒலி. எழுத்து ஒன்றுதான். ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்துகள், இரண்டு குடும்பப் பெயர்கள். அதோடு "பேக்கர்" என்ற மூன்றாவது பெயரும் ஹட்டன் பஸாருக்கு வந்து சேரும்போது பாக்கராகத் தேய்ந்திருக்கலாம். ஆக, மூன்று பெயர்கள். மூன்றும் இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர்கள்.

கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் காப்பகத்தில் பேர்கஸன் என்ற குடும்பம் வெளியிட்டுவந்த பழைய சிலோன் டிரெக்டரிகள் இருக்கின்றன. தோட்டத்தின் பெயர், ஏக்கர் கணக்கு, சொந்தக்காரர், ஏஜென்சி, அத்தியட்சகர் என்று வருடா வருடம் அச்சிட்டிருக்கிறார்கள். தோட்டத்து மக்கள் தோட்டங்களைக் கூப்பிடும் தமிழ்ப் பெயர் வேறு, டிரெக்டரியில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறு. அதை முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். எங்கள் தோட்டத்தைக் கண்டுபிடித்தோம். பிறப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பெரிய துரையும் இருந்தார். அவர் பெயர் பாக்கருக்குப் பக்கத்திலும் வராது. அப்படியென்றால் தேட வேண்டியது ஒரு சின்னத்துரையை.

டிக்கோயாவில் வோர்லி தேவாலயத்து மையவாடிக்கும் போய் வந்தோம். 1878இல் கட்டிய கோயில். நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி துரைமார், அவர்களின் மனைவிமார், கைக்குழந்தைகள் என்று கல்லறைகள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், பிறந்த ஊர், இறந்த திகதி. அவர் அங்கே இல்லை. பெரும்பாலான சின்னத்துரைமார் இங்கே சாக வரவில்லை, சில வருடம் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள்.

எனவே தேடல் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன்னே கோயில் இடாப்புகள் 1538 வரை பின்னால் போகின்றன. பத்து வருடத்துக்கு ஒரு தடவை வீடு வீடாக எடுத்த சனத்தொகைக் கணக்கு, 1841 முதல் எல்லோர் பெயரோடும் இருக்கிறது. நூறு வருடம் பூட்டி வைத்துப் பிறகு திறக்கிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில்தான் திறந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கு 1942இல் தீயில் எரிந்துபோனது. 1941இல் யுத்தம், எடுக்கவே இல்லை. நாங்கள் தேடிய மனிதர் வாலிபராக இருந்த காலம் முழுவதும் அந்த ஓட்டைக்குள் விழுகிறது.

இத்தனை இருந்தும் மூன்று பொதுப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆளைப் பிடிக்க முடியாது. அப்போதுதான் நானா டீ.என்.ஏ. சோதனையைப் பற்றிச் சொன்னார்.

எல்லோரும் கேட்கும் கேள்வி, அது எப்படி வேலை செய்கிறது என்பது. வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறோம். நிறமூர்த்தங்களில் பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து வருகின்றன. அப்படிப் பார்த்தால் ஒரு பாட்டனிடமிருந்து ஏறத்தாழ 25 வீதம், பூட்டனிடமிருந்து ஏறத்தாழ 12.5 வீதம். தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகத் தேய்கிறது. அதனால் வீட்டில் மிக மூத்தவரைச் சோதிப்பதுதான் புத்தி. உம்மும்மா இல்லை. உம்மாவும் மாமாவும் இருந்தார்கள். இருவரிடமும் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்டோம். மாமா ஒரு வாரம் யோசித்தார். "தோண்டினா என்ன வரும் எண்டு தெரியா" என்றார். பிறகு ஒப்புக்கொண்டார்.

நானா 2023 ரமழானில் வந்தபோது சோதனைப் பெட்டி இரண்டைக் கொண்டுவந்தார். சின்னக் குழாயில் உமிழ்நீரை நிரப்ப வேண்டும். அதற்கு அரை மணித்தியாலம் முன்பு எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று எழுதியிருந்தது. உம்மா சிரித்தார், "நான் காலையில இருந்து சாப்பிடல்ல, இது போதுமா?" அஸருக்குப் பிறகு நோன்போடு உட்கார்ந்தால் வாயில் ஈரமே இல்லை. கோடு வரை நிரப்ப முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. உம்மாவின் நான்கில் ஒரு பங்கு இங்கிலாந்தும் வடமேற்கு ஐரோப்பாவும். பாக்கர் முஸ்லிமா துரையா என்ற எண்பது வருடத்து வாக்குவாதம் அந்த ஒரு வரியில் முடிந்தது.

ஆனால் எந்த நாடு என்பது பெரிய விஷயமில்லை. முக்கியமானது, அதே கம்பனியில் சோதனை செய்தவர்களில் யார் யாரோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற பட்டியல். அதை சென்டிமோகன் என்ற அளவில் தருகிறார்கள். உம்மாவின் பட்டியலில் இங்கிலாந்துப் பெண் ஒருவர் 430 என்று நின்றார். மாமாவுக்கு அதே பெண் 512. இன்னொருவர், கனடாவில், உம்மாவோடு 190. இருவரின் குடும்ப மரத்திலும் ஒரே குடும்பப் பெயர். பாம்பின் முதல் பகரம்!

அந்தக் குடும்பத்தில் 1900களில் பிறந்த சகோதரர்கள் மூன்று பேர். இங்கேதான் டீ.என்.ஏ. கை விரிக்கிறது. மூவரும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள். 430 என்ற எண், அந்தப் பெண்ணும் உம்மாவும் ஒரே ஆணின் பேத்திகள் என்பதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அவருடைய தம்பியின் பேத்தி என்றாலும் சில வேளை அவ்வளவு வரலாம். தீர்ப்புச் சொல்ல மறுபடியும் கடதாசி வேண்டியிருந்தது.

லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் கப்பல் பயணிகள் பட்டியல்கள் இருக்கின்றன. தூரதேசங்களுக்குப் போனவர்களின் பட்டியல் 1890 முதல் 1960 வரை. திரும்பி வந்தவர்களின் பட்டியலில், போய்த் தங்கப்போகும் விலாசமும் இருக்கும். மூன்று சகோதரர்களில் ஒருவர்தான் கொழும்புக்குக் கப்பல் ஏறியிருந்தார். 1927, வயது 21. 1935இல் திரும்பியிருக்கிறார், தொழில் தேயிலைத் தோட்டம், விலாசம் தகப்பனின் வீடு. உம்மும்மாவுக்கு அப்போது ஒரு வயது.

1939 செப்டெம்பர் 29ஆம் திகதி, யுத்தம் தொடங்கிய கையோடு இங்கிலாந்து முழுவதும் ஒரு பதிவு எடுத்தார்கள். அதில் அவர் இருக்கிறார், மனைவியோடு. அவர்களுக்குக் கீழே இரண்டு வரிகள் கறுப்பாக மறைக்கப்பட்டிருக்கின்றன. உயிரோடு இருக்கக்கூடியவர்களின் விபரத்தை அப்படி மறைப்பது அங்கே வழக்கம். அவை அவருடைய இரண்டு பெண்பிள்ளைகள். நாங்கள் திரையில் அந்தக் கறுப்பு வரிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே பிள்ளை என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்து முடிந்த எங்கள் உம்மும்மாவுக்கு இரண்டு தங்கச்சிமார் இருந்திருக்கிறார்கள்.

430காரப் பெண்ணுக்கு எழுதினோம். நான்கு மாதம் பதில் இல்லை. காசு கேட்கிறார்கள் என்று பயந்திருப்பார், அல்லது கோபம் என்று விட்டுவிட்டோம். பிறகு ஒரு நீண்ட கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற தாதி, அறுபது வயது. தன் பாட்டனார் அன்பான மனிதர், சிலோனைப் பற்றி அடிக்கடி பேசுவார், இந்த விஷயத்தை மட்டும் ஒரு நாளும் பேசியதில்லை என்று எழுதியிருந்தார். அவர் 1970களிலேயே இறந்துவிட்டார். தெரிந்தே விட்டுவிட்டுப் போனாரா, வேலையை இழந்துவிடுவோம் என்ற பயத்திலா, யாராலும் இனிச் சொல்ல முடியாது.

ஆங்கிலத்தில் அவர் உம்மாவுக்கு 'பாதி ஒன்றுவிட்ட' ஏதோ ஒரு முறை. கேட்டபோது உம்மா கணக்குப் போட்டார்: "அவட உம்மாவும் எங்கட உம்மாவும் ஒரே வாப்பாட பிள்ளைகள். அப்ப அவ எனக்குத் தங்கச்சிதானே." எங்கள் மொழியில் அதற்கு வேறு பெயர் இல்லை.

தங்கச்சி ஒரு படம் அனுப்பினார். துரை அரைக் காற்சட்டையோடு, இரண்டு நாய்களோடு. பின்னால் கூடை கட்டிய பெண்கள் பதினேழு பேர் வரிசையாக. படத்தின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் வருடமும் நாய்கள் இரண்டின் பெயரும் இருக்கின்றன. அந்தப் பதினேழு பேரில் எங்கள் பூட்டி இருக்கலாம். எவர் என்று தெரியாது.

தங்கச்சி இன்னொன்றும் சொன்னார். அவர்களுடைய மரத்திலும் ஒரு கோடு இருக்கிறதாம், தாய் வழியில், தகப்பன் பெயரில்லாமல் ஏழைகள் விடுதியில் பிறந்த ஒரு பெண். அங்கேயும் இதே சட்டம், 1875 முதல் தகப்பன் வந்து கையெழுத்து வைக்காவிட்டால் கூடு வெறுமைதான். ஆனால் அதற்கும் முந்திய காலத்தில், 1834க்கு முன், தகப்பன் பெயரை இங்கிலாந்தின் கோயிற்பற்றுகளே துரத்தித் துரத்தி எழுதியிருக்கின்றன. ஏன்? பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கும் செலவு கோயிற்பற்றின் தலையில் விழும். அதனால் தகப்பனைப் பிடித்து, பிணை எழுதி, காசு வாங்கினார்கள். இன்று ஆங்கிலேயர்கள் தங்கள் மூதாதையரைத் தேட அந்தப் பிணைப் பத்திரங்கள் பெரிய உதவி. இங்கே லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் யாரும் துரத்தவில்லை. அஸாமிலும் டார்ஜிலிங்கிலும் துரைமாருக்குப் பிறந்த பிள்ளைகள் சிலருக்குக் கலிம்போங்கில் 1900இல் ஒரு பாதிரியார் தொடங்கிய விடுதி இருந்தது. அதில் ஒரு பகுதியினரை நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள், அதனால் அவர்களுக்கு எழுத்தில் ஒரு தடயம் இருக்கிறது. எங்களுக்குக் கடை முதலாளியின் கணக்குப் புத்தகம்கூட மிஞ்சவில்லை.

விஷயம் ஊரில் பரவியது. பொருளாதார நெருக்கடி முடிந்த கையோடு என்பதால் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப உங்களுக்கு லண்டன் விசா கிடைக்குமா?" கிடைக்காது. அந்த விசாவுக்குப் பாட்டன் பாட்டியில் ஒருவர் பிரித்தானியாவில் பிறந்திருக்க வேண்டும், அதைப் பிறப்புப் பத்திரங்களால் படிப்படியாகக் காட்ட வேண்டும். எங்களுக்கு அவர் பூட்டன். உம்மாவுக்குப் பாட்டன்தான், ஆனால் நடுவில் அந்தக் கோடு. 63 வயதில் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகும் ஆசை உம்மாவுக்கும் இல்லை.

இப்போது நாங்கள் நிற்கும் இடம் இது. அந்த இரண்டு கறுப்பு வரிகளில் ஒருவர், தங்கச்சியின் உம்மா, இன்னும் உயிரோடு இருக்கிறார். எண்பத்தைந்து தாண்டியவர். தன் வாப்பாவின் மீது உயிர். அவரிடம் சொல்லவா என்று தங்கச்சி கேட்டபோது, நாங்கள் மூவரும் சொல்ல வேண்டும் என்றோம். எண்பது வருடம் எங்கள் பக்கம்தானே மறைந்திருந்தது, இனி எதற்கு என்ற எண்ணம். உம்மா ஒரே வார்த்தையில் மறுத்தார். "அந்தப் பொம்புளைக்கு இருக்கிறது ஒரு வாப்பா. கடைசிக் காலத்தில அத நாங்க ஏன் எடுக்கணும்?" அந்த முடிவோடு நாங்கள் இன்னும் முழுக்க உடன்படவில்லை. ஆனால் பேரைக் கேட்டவர் உம்மா. அதைக் கொண்டு என்ன செய்வது என்று சொல்லும் உரிமையும் அவருக்கே.

துரையின் பெயர் கிடைத்த அன்று உம்மா அதை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "சரி, இப்ப உம்மாட உம்மாவத் தேடுங்க" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறோம். துரைக்குப் பிறப்புப் பதிவு, இரண்டு சனத்தொகைக் கணக்கு, கப்பல் பட்டியல் இரண்டு, 1939 பதிவு, கல்லறை எல்லாம் இருக்கின்றன. பூட்டிக்கு ஒற்றைச் சொல். தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள் கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டன. எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், எந்தக் கங்காணியின் ஆட்கள், அவருடைய வாப்பா யார், ஒன்றும் இல்லை. அவருடைய சொந்தக்காரர்கள் சோதனை செய்து அந்தப் பட்டியல்களில் வர, ஒரு பெட்டியின் விலை பல நாள் கொழுந்துச் சம்பளம்.

ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். கலத்துக்குள் இழைமணி என்ற ஒரு பகுதி இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு டீ.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும், பாதியாகத் தேயாமல், அநேகமாக அப்படியே. எங்கள் மூவரிடமும், உம்மாவிடமும், மாமாவிடமும் இருப்பது அந்தக் கொழுந்து பறித்த பெண்ணுடையது. துரையிடமிருந்து வந்ததில் எங்கள் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஆறு வீதம் எஞ்சும்.

இதைத் தேட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள், கேட்டதைக் கேட்ட உச்சரிப்பிலேயே எழுதி வையுங்கள். தோட்டத்தின் தமிழ்ப் பெயரைத் தவற விடாதீர்கள். சோதிப்பதென்றால் மூத்தவரைச் சோதியுங்கள், அவர் மனம் ஒப்பிய பிறகு. ஒரு பெரிய சோதனைக் கம்பனியில் 2023இல் கிட்டத்தட்ட 69 லட்சம் பேரின் விபரம் களவு போனது, 2025 மார்ச்சில் அதே கம்பனி வங்குரோத்து மனுப் போட்டது. அதையும் தெரிந்துகொண்டு தீர்மானியுங்கள். தேடினால் வேறு வீட்டு ரகசியமும் சேர்ந்து வரும் என்பதை மறக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னொன்று. ஜனவரியில் சேர்விடாப்பு எழுதும்போது தகப்பன் பெயர்க் கூட்டுக்கு முன்னால் தயங்கி நிற்கும் ஒரு உம்மா எல்லாப் பாடசாலையிலும் இருப்பார். சத்தமாகக் கேட்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர்களை அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

டிக்கோயா, போகவந்தலாவைப் பக்கத்தில் 1930களின் செக்ரோலோ, பெயர்ப் பட்டியலோ, பழைய கணக்கப்பிள்ளை வீட்டுக் கடதாசியோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பூட்டியின் பெயரை இங்கே எழுத உம்மா விரும்பவில்லை. நேரில் வந்தால் சொல்வோம்.